போர்டு பழுதுபார்க்கும் கருவிகள்: எதை, எந்த வரிசையில் வாங்குவது?

எலக்ட்ரானிக்ஸ் பழுதுபார்க்கத் தொடங்கும் பலர் முதலில் ஆசைப்படுவது ஆசிலோஸ்கோப்புக்கு. திரையில் அலை ஓடுவதைப் பார்க்கும் ஆசை இயல்பானது. ஆனால் வீட்டில் என்னென்ன போர்டுகள் கெட்டுப்போகின்றன என்று எண்ணிப் பாருங்கள்: எல்.இ.டி. டி.வி.யின் பவர் போர்டு, வாஷிங் மெஷின் கன்ட்ரோல் போர்டு, இன்வெர்ட்டர், செட்டாப் பாக்ஸ் அடாப்டர், பழைய லேப்டாப்பின் மதர்போர்டு. இவற்றில் திரும்பத் திரும்ப வரும் பழுதுகள் எரிந்த ஃபியூஸ், ஷார்ட்டான மாஸ்ஃபெட் (மின்னோட்டத்தை ஸ்விட்ச் செய்யும் டிரான்சிஸ்டர்), உலர்ந்துபோன கெப்பாசிட்டர், விட்டுப்போன சால்டர். இந்த நான்கையும் பிடிக்க ஸ்கோப் தேவையே இல்லை.

ஒரு போர்டு எழுப்பும் கேள்விக்குக் கையிலிருக்கும் கருவி பதில் சொல்லாதபோதுதான் அடுத்த கருவியை வாங்க வேண்டும். கீழே உள்ள வரிசை அந்த அடிப்படையில் அமைந்தது. யார் எவ்வளவு தள்ளுபடி கொடுத்தாலும் இந்த வரிசையை மாற்ற வேண்டாம் என்பதே என் ஆலோசனை.

படி 1: எந்த வகைப் போர்டு என்று முடிவு செய்யுங்கள்

வீட்டு மின்சாரம் நேரடியாக நுழையும் போர்டுகள் ஒரு வகை. 230 வோல்ட் ஏ.சி., அதை டி.சி.யாக மாற்றும் டயோடு பிரிட்ஜைத் தாண்டியதும் பெரிய கெப்பாசிட்டரில் சுமார் 325 வோல்ட் டி.சி. ஆகிறது. பி.எஃப்.சி. (பவர் ஃபேக்டரைத் திருத்தும்) பகுதி உள்ள பெரிய டி.வி.களில் அது 380 முதல் 400 வோல்ட் வரை போகும். இங்கே கருவியின் பாதுகாப்புத் தரமே முதல் தகுதி.

லேப்டாப், மொபைல் போர்டுகள் இன்னொரு வகை. ஆளுக்கு ஆபத்து குறைவு, போர்டுக்கு ஆபத்து அதிகம். புரோப் முனை அரை மில்லிமீட்டர் வழுக்கினால் 19 வோல்ட் லைன் 1 வோல்ட் லைனைத் தொட்டுவிடும், பிராசஸர் போய்விடும். இங்கே கூரிய முனையுள்ள புரோப், பூதக்கண்ணாடி விளக்கு, மின்னோட்டத்தைக் கட்டுப்படுத்தும் பவர் சப்ளை ஆகியவை முக்கியம். ஆம்ப்ளிஃபயர், ரேடியோ ஆகியவற்றில் ஆர்வமுள்ளவர்களுக்கு மட்டும் ஸ்கோப் சற்று முன்னதாகவே தேவைப்படலாம்.

படி 2: மல்டிமீட்டர்

கடைக்காரர் முதலில் சொல்வது துல்லியத்தைப் பற்றி. நீங்கள் கடைசியாகப் பார்க்க வேண்டியது அதைத்தான். 0.5 சதவீதத் துல்லியம் உள்ள மீட்டர் 5 வோல்ட் லைனை அளக்கும்போது பிழை ஏறத்தாழ 0.03 வோல்ட். 5 வோல்ட் லைன் 4.97 ஆக இருந்தாலும் 5.03 ஆக இருந்தாலும் நீங்கள் எடுக்கப்போகும் முடிவு மாறாது. அது 3.2 ஆக இருக்கும்போதுதான் வேலை தொடங்குகிறது.

நான் பார்ப்பவை வேறு. முதலாவது, இரு புள்ளிகளுக்கிடையே இணைப்பு இருந்தால் ஒலிக்கும் கன்டினியூட்டி பஸ்ஸரின் வேகம். புரோப்களைத் தொட்ட கணத்திலேயே ஒலிக்க வேண்டும். நாற்பது கால் ஐ.சி.யின் கால்களை வரிசையாக ஒரே இழுப்பில் தடவிக்கொண்டு போகும்போது, அரை நொடி யோசித்து ஒலிக்கும் மீட்டர் ஷார்ட்டான காலைத் தாண்டியே விட்டுவிடும். கடையிலேயே சோதிக்கலாம்: ஒரு புரோப்பின் உலோக முனையில் இன்னொன்றை வேகமாக உரசிப் பாருங்கள். ஒவ்வொரு உரசலுக்கும் ஒலி வர வேண்டும்.

இரண்டாவது டயோடு மோடு: சிறிய மின்னோட்டத்தைச் செலுத்தி, இரு புரோப்களுக்கிடையே விழும் வோல்டேஜைக் காட்டும். போர்டு வேலையில் பாதிக்கு மேல் இதில்தான் நடக்கிறது. சாதாரண சிலிக்கான் டயோடு 0.5 முதல் 0.7 வோல்ட் காட்டும், ஷாட்கி வகை டயோடு 0.15 முதல் 0.3 வரை. மாஸ்ஃபெட்டின் டிரெயின், சோர்ஸ் இடையே ஒரு திசையில் 0.4 முதல் 0.6 வரை காட்டி, மறுதிசையில் ஓபன் என்றால் நல்லது. இரு திசையிலும் பூஜ்யம் என்றால் ஷார்ட். லேப்டாப் போர்டில் சிவப்புப் புரோப்பை கிரவுண்டில் வைத்து, கறுப்புப் புரோப்பால் கனெக்டரின் ஒவ்வொரு பின்னையும் தொட்டு, அதே மாடலின் நல்ல போர்டில் எடுத்த எண்களோடு ஒப்பிட்டால் கெட்ட லைன் தனியே தெரியும். திறந்த நிலையில் 3 வோல்ட் வரை கொடுக்கும் மீட்டராக இருந்தால் ஒற்றை எல்.இ.டி.யையும் எரித்துப் பார்க்கலாம்.

மூன்றாவது பாதுகாப்பு. மீட்டரின் முகப்பில் கேட் 3 (CAT III என்ற பாதுகாப்புத் தரம்), 600 வோல்ட் என்று பொறித்திருக்க வேண்டும். ஆனால் யார் வேண்டுமானாலும் பிளாஸ்டிக்கில் எழுத்தைப் பொறித்துவிடலாம். பின்மூடியைத் திறந்து ஃபியூஸைப் பாருங்கள். மணல் நிரப்பிய பெரிய செராமிக் ஃபியூஸ் இருந்தால் நம்பலாம். சிறிய கண்ணாடி ஃபியூஸ் இருந்துகொண்டு 600 வோல்ட் என்று எழுதியிருந்தால் அந்த எழுத்துக்கு மதிப்பில்லை. சில நூறு ரூபாய்க்குக் கிடைக்கும் டி.டி. 830 வகை மஞ்சள் மீட்டர்கள் பலவற்றில் 10 ஆம்பியர் துளைக்கு ஃபியூஸே கிடையாது. சிவப்புப் புரோப் அந்தத் துளையில் இருப்பதை மறந்து 325 வோல்ட் கெப்பாசிட்டரை அளந்தால் மீட்டர் வெறும் கம்பியாகத்தான் நடந்துகொள்ளும். பொறி பறக்கும், கை சுடும்.

இந்தக் காரணத்தாலேயே முதல் மீட்டராக ஃப்ளூக் 101ஐ நான் பரிந்துரைப்பதுண்டு. அதில் மின்னோட்டம் அளக்கும் வசதியே இல்லை. சிலர் அதைக் குறை என்பார்கள். புதிதாகத் தொடங்குபவருக்கு அது பெரிய நிறை: தவறான துளையில் புரோப்பைச் செருக வாய்ப்பே கிடையாது. மின்னோட்டத்தை அளக்கும் வேலையைப் பின்னால் வாங்கப்போகும் பவர் சப்ளை செய்துவிடும். கூடுதல் வசதி வேண்டுமென்றால் ஃப்ளூக் 17பி பிளஸ், யூனி-டி 61ஈ பிளஸ் போன்றவற்றையோ ரிஷப், மெக்கோ போன்ற இந்திய நிறுவனங்களின் மீட்டர்களையோ பார்க்கலாம்.

பட்ஜெட் இடம் கொடுத்தால் மஞ்சள் மீட்டர் ஒன்றையும் சேர்த்து வாங்குங்கள், தாழ் மின்னழுத்தத்துக்கு மட்டும். இரண்டு மீட்டர் இருந்தால் உள்ளே வரும் வோல்டேஜையும் வெளியே போவதையும் ஒரே நேரத்தில் பார்க்கலாம். அந்த மஞ்சள் மீட்டருக்கு இன்னொரு பெரிய பயன் உண்டு. படி 4இல் வருகிறது.

மீட்டரோடு வரும் புரோப்களில் பல கடினமான பிளாஸ்டிக் ஒயரும் மழுங்கிய முனையும் கொண்டவை. சிலிக்கான் ஒயரும் ஊசி முனையும் உள்ள ஒரு ஜோடியைத் தனியாக வாங்குங்கள். மீட்டரை மாற்றியதைவிட அதிக வித்தியாசம் தெரியும்.

படி 3: கரண்ட் கொடுப்பதற்கு முன் வேண்டியவை

சீரிஸ் லாம்ப்: 60 அல்லது 100 வாட் குண்டு பல்ப், ஒரு ஹோல்டர், ஒரு பிளக் பாயின்ட். பழுதுபார்த்த போர்டை முதன்முறை மெயினில் செருகும்போது பல்ப் வழியாகவே கொடுக்க வேண்டும். 100 வாட் பல்ப்பின் இழை சூடானதும் அதன் தடை 500 ஓமைத் தாண்டிவிடும். ஆகவே போர்டு முழு ஷார்ட் ஆனாலும் அரை ஆம்பியருக்கு மேல் ஓடாது. ஒருமுறை பளிச்சிட்டு மங்கினால் கெப்பாசிட்டர் சார்ஜ் ஆகிவிட்டது, போர்டில் பெரிய ஷார்ட் இல்லை. தொடர்ந்து பிரகாசமாக எரிந்தால் உடனே அணைத்துவிடுங்கள், ஷார்ட் இன்னும் இருக்கிறது. எல்.இ.டி. பல்ப் இதற்கு உதவாது. டங்ஸ்டன் இழையே வேண்டும், ஹாலஜன் பல்ப்பும் ஆகும். பெரிய டி.வி. போர்டு பல்ப் வழியாகக் கொடுக்கும்போது விட்டுவிட்டு ஸ்டார்ட் ஆகலாம். அதைப் பழுது என்று எடுத்துக்கொள்ளாமல் கூடுதல் வாட் பல்ப்பைப் போட்டுப் பாருங்கள்.

டிஸ்சார்ஜ் ரெசிஸ்டர்: 325 வோல்ட்டில் சார்ஜ் ஆன 100 மைக்ரோஃபாரட் கெப்பாசிட்டரில் 5 ஜூலுக்கு மேல் ஆற்றல் தேங்கியிருக்கிறது. ஸ்க்ரூடிரைவரால் ஷார்ட் செய்து வெடிக்க வைக்கும் பழக்கம் பல கடைகளில் உண்டு. அது கெப்பாசிட்டரையும் டிராக்கையும் கெடுக்கும், கண்ணுக்கும் ஆபத்து. 2.2 கிலோஓம், 10 வாட் ஒயர்வூண்ட் ரெசிஸ்டரின் இரு முனையிலும் இன்சுலேட் செய்த புரோப்களைச் சால்டர் செய்து வைத்துக்கொள்ளுங்கள். இரண்டு மூன்று நொடி தொட்டால் போதும். பிறகு மீட்டரால் அளந்து உறுதி செய்தபின்தான் போர்டில் கை வைக்க வேண்டும். கெட்டுப்போன போர்டில் இது இன்னும் முக்கியம். வேலை செய்யாத சப்ளை தன் கெப்பாசிட்டரைத் தானே காலி செய்வதில்லை. பிளக்கைக் கழற்றி வெகுநேரம் ஆனபின்னும் அந்த வோல்டேஜ் அங்கேயே இருக்கலாம்.

மெயின் சைடில் அடிக்கடி வேலை செய்பவர்களுக்கு 230-க்கு 230 வோல்ட் ஐசோலேஷன் டிரான்ஸ்ஃபார்மர் அவசியம். அது ஒரு கையால் ஒரு புள்ளியைத் தொட்டால் காப்பாற்றும். இரு கைகளால் இரு புள்ளிகளைத் தொட்டால் காப்பாற்றாது. டிரான்ஸ்ஃபார்மரின் அவுட்புட் பக்கத்தில் ஷாக் அடித்தால், மின்கசிவின்போது மின்சாரத்தைத் துண்டிக்கும் வீட்டு இ.எல்.சி.பி.யும் டிரிப் ஆகாது என்பதை நினைவில் வையுங்கள்.

படி 4: பென்ச் பவர் சப்ளை

ஸ்கோப்புக்கு முன் இதை வாங்குங்கள். 0 முதல் 30 வோல்ட், 5 ஆம்பியர் போதும். வோல்டேஜை மட்டுமல்லாமல் மின்னோட்டத்தின் எல்லையையும் நாமே வைத்துக்கொள்ளும் வசதி கட்டாயம் வேண்டும். அந்த எல்லை இருந்தால் தவறாக இணைத்தாலும் போர்டு புகையாது, சப்ளை தானே வோல்டேஜைக் குறைத்துக்கொள்ளும்.

வாங்கும்போது கவனிக்க வேண்டியவை: அவுட்புட்டைத் தனியாக ஆன், ஆஃப் செய்யும் பட்டன் இருக்கிறதா? மெயின் ஸ்விட்சைப் போடும் கணத்தில் வோல்டேஜ் எகிறுகிறதா? மின்னோட்டம் மில்லியாம்பியர் அளவில் தெரிகிறதா? விலை குறைந்த சப்ளைகளில் அவுட்புட்டில் பெரிய கெப்பாசிட்டர் வைத்திருப்பார்கள். எல்லையை 50 மில்லியாம்பியரில் வைத்தாலும் அந்தக் கெப்பாசிட்டரில் இருப்பது முதல் கணத்தில் அப்படியே போர்டில் இறங்கிவிடும். ஆகவே வோல்டேஜைப் பூஜ்யத்தில் வைத்து இணைத்து, பிறகு மெல்ல ஏற்றும் பழக்கம் நல்லது.

இதன் மதிப்பு ஷார்ட் தேடும்போது புரியும். லேப்டாப் போர்டின் 19 வோல்ட் லைன் கிரவுண்டோடு ஷார்ட். அந்த லைனில் நாற்பது, ஐம்பது செராமிக் கெப்பாசிட்டர்கள் பேரலலாக இருக்கின்றன; மீட்டர் எங்கே வைத்தாலும் ஒரே எண்தான். ஒவ்வொன்றாகக் கழற்றினால் போர்டு பாழ். பேட்டரியையும் அடாப்டரையும் கழற்றிவிட்டு, சப்ளையை 1 வோல்ட்டில், 2 ஆம்பியர் எல்லையில் வைத்து அந்த லைனில் இணையுங்கள். 19 வோல்ட் லைன்தானே என்று 19 வோல்ட் கொடுக்கக் கூடாது. ஷார்ட்டானது, 19 வோல்ட்டை 1 வோல்ட்டாகக் குறைக்கும் பகுதியின் மேல்பக்க மாஸ்ஃபெட்டாக இருந்தால் நீங்கள் கொடுப்பது நேராக பிராசஸரின் 1 வோல்ட் லைனுக்குப் போய்விடும். இப்போது போர்டின்மீது ஐசோபுரப்பைல் ஆல்கஹாலைப் பிரஷால் மெல்லியதாகத் தடவுங்கள். போர்டு முழுவதும் ஈரமாக இருக்கும்போது ஒரே ஒரு கெப்பாசிட்டர் மேல் மட்டும் ஆல்கஹால் சட்டென்று காய்ந்து வெள்ளையாகத் தெரியும். அதைத் தூக்கினால் பெரும்பாலும் ஷார்ட் போய்விடும். தெர்மல் கேமரா இதே வேலையை இன்னும் வேகமாகச் செய்யும்; வாரம் ஒரு போர்டு பார்ப்பவருக்கு ஆல்கஹால் போதும்.

எதுவும் சூடாகவில்லை என்றால் அந்த மஞ்சள் மீட்டரை எடுங்கள். அதன் 200 மில்லிவோல்ட் ரேஞ்ச் 0.1 மில்லிவோல்ட் வரை காட்டும். சப்ளையிலிருந்து 1 ஆம்பியர் ஓடவிட்டால் 1 மில்லிஓம் தடையில் 1 மில்லிவோல்ட் விழும். ஒரு மில்லிமீட்டர் அகலமும் ஐந்து சென்டிமீட்டர் நீளமும் உள்ள சாதாரண டிராக்கில் ஏறத்தாழ 25 மில்லிவோல்ட் கிடைக்கும். கறுப்புப் புரோப்பை சப்ளையின் நெகட்டிவ் இணைந்த இடத்தில் நிலையாக வைத்து, சிவப்பை லைனில் நகர்த்திக்கொண்டே போங்கள். ஷார்ட்டை நெருங்க நெருங்க எண் குறையும். தாண்டிய பிறகு மாறாமல் நிற்கும். மாறுவது நின்ற இடத்தில் ஷார்ட் இருக்கிறது. விலையுயர்ந்த மில்லிஓம் மீட்டர் செய்யும் வேலை இது.

படி 5: ஈ.எஸ்.ஆர். மீட்டர்

எலக்ட்ரோலிட்டிக் கெப்பாசிட்டர் கெட்டால் உப்பித்தான் இருக்கும் என்பது பாதி உண்மை. எஸ்.எம்.பி.எஸ். (ஸ்விட்சிங் முறைப் பவர் சப்ளை) அவுட்புட்டில் இருக்கும் ஒரு 1000 மைக்ரோஃபாரட், 16 வோல்ட் கெப்பாசிட்டரை எடுத்துக்கொள்வோம். மேல்மூடி தட்டையாக, புதிது போலவே இருக்கும். மல்டிமீட்டரின் கெப்பாசிட்டன்ஸ் ரேஞ்சில் 900க்கு மேல் காட்டும். ஆனால் டி.வி. ஸ்டாண்ட்பை விளக்கோடு நின்றுவிடும், அல்லது ரிலே டிக் டிக் என்று அடித்துக்கொள்ளும். 100 கிலோஹெர்ட்ஸில் அதன் உள்தடையை, அதாவது ஈ.எஸ்.ஆர்.ஐ, அளந்தால், 0.05 ஓம் அளவில் இருக்க வேண்டியது 2, 3 ஓம் காட்டும். மல்டிமீட்டர் மெதுவாக சார்ஜ் செய்து அளப்பதால் இந்தக் குறை அதன் கண்ணில் படுவதில்லை.

இந்த வேலைக்கு இரண்டு வழி. ஏ.டி.மெகா 328 சிப்பில் இயங்கும் காம்பொனென்ட் டெஸ்டர் மலிவானது. ஜெர்மனியின் மார்க்கஸ் ஃப்ரேயெக் தொடங்கி கார்ல்-ஹைன்ஸ் கூப்லர் வளர்த்தெடுத்த திறந்த வடிவமைப்பு அது, எல்.சி.ஆர்.-டி4 போன்ற பெயர்களில் பலர் செய்து விற்கிறார்கள். டிரான்சிஸ்டரின் கால்களையும் கண்டுபிடித்துச் சொல்லும். கெப்பாசிட்டரைப் போர்டிலிருந்து கழற்றி, டிஸ்சார்ஜ் செய்து, பிறகுதான் அதில் வைக்க வேண்டும். சார்ஜ் இருந்தால் அந்தச் சிப் அப்போதே போய்விடும். இரண்டாவது, தனி ஈ.எஸ்.ஆர். மீட்டர். டயோடு, டிரான்சிஸ்டர் எதையும் ஆன் செய்யாத அளவுக்குக் குறைந்த வோல்டேஜில் அளப்பதால், கழற்றாமலே பத்து கெப்பாசிட்டர்களை ஒரு நிமிடத்தில் பார்த்துவிடலாம். பவர் போர்டுகள் அதிகம் வரும் மேசைக்கு இரண்டாவதே சரி.

எல்.இ.டி. டி.வி. பார்ப்பவர்கள் இதோடு, திரையின் பின்விளக்கைச் சோதிக்கும் பேக்லைட் டெஸ்டர் ஒன்றும் வாங்க வேண்டும். ஒரு ஸ்ட்ரிப்பில் 3 அல்லது 6 வோல்ட் எல்.இ.டி.க்கள் பல சீரிஸில் இருப்பதால் மல்டிமீட்டர் அதை எரிக்காது. டெஸ்டர் சில மில்லியாம்பியரை 300 வோல்ட் வரை ஏற்றிக் கொடுக்கும், அதனால் வெறும் கையால் முனையைத் தொடக் கூடாது.

படி 6: ஆசிலோஸ்கோப்

போர்டில் எல்லா டி.சி. வோல்டேஜும் சரி, ஈ.எஸ்.ஆர். சரி, ஆனாலும் வேலை செய்யவில்லை என்ற நிலை வரும்போது ஸ்கோப்பின் நேரம் வந்துவிட்டது. மாஸ்ஃபெட்டின் கேட்டில் துடிப்பு வருகிறதா, கிரிஸ்டல் அதிர்கிறதா, ரீசெட் லைன் உயர்ந்து நிற்கிறதா, சப்ளையில் ரிப்பிள் (டி.சி.யின் மேல் ஏறிவரும் சிற்றலை) எவ்வளவு என்பவற்றை மீட்டர் சொல்லாது. கம்ப்யூட்டர் ஏ.டி.எக்ஸ். சப்ளையில் 12 வோல்ட் லைனில் 120 மில்லிவோல்ட், 5 வோல்ட் லைனில் 50 மில்லிவோல்ட் வரைதான் ரிப்பிள் அனுமதி. மீட்டரில் 5.02 என்று அமைதியாக நிற்கும் லைனில் அதற்குப் பலமடங்கு ரிப்பிள் ஓடிக்கொண்டிருக்கலாம்.

பழுதுபார்க்க 50 முதல் 100 மெகாஹெர்ட்ஸ், இரண்டு சேனல் போதும். ரைகோல், சிக்லென்ட் ஆகியவற்றின் தொடக்கநிலை மாடல்கள் நல்ல தேர்வு. சாம்பிள் ரேட்டை எல்லாச் சேனல்களும் பங்கிட்டுக்கொள்ளும் என்பதைப் பெட்டியில் பெரிதாக எழுத மாட்டார்கள்: ரைகோல் டி.எஸ். 1054 இசட், ஒரு சேனலில் நொடிக்கு 100 கோடி சாம்பிள் எடுக்கும்; நான்கையும் போட்டால் ஒவ்வொன்றுக்கும் 25 கோடிதான். டி.எஸ்.ஓ. 138 போன்ற கிட்களின் வரம்பு 200 கிலோஹெர்ட்ஸ். சால்டரிங் பழகவும் ஆடியோ பார்க்கவும் சரி. 100 கிலோஹெர்ட்ஸில் ஸ்விட்ச் ஆகும் சப்ளையின் துடிப்பு முனைகளை அது மழுப்பிவிடும். பழைய 20 மெகாஹெர்ட்ஸ் அனலாக் சி.ஆர்.ஓ. (பிக்சர் டியூப் வைத்த பழைய வகை ஸ்கோப்) நல்ல நிலையில் கிடைத்தால் அந்தக் கிட்டைவிடப் பல மடங்கு மேல்.

ஸ்கோப் புரோப்பின் கிரவுண்ட் கிளிப் வீட்டு எர்த்தோடு நேரடி இணைப்பில் இருக்கிறது. எஸ்.எம்.பி.எஸ்.ஸின் மெயின் சைடில் அந்தக் கிளிப்பை மாட்டினால் பிரிட்ஜ் வழியாக மெயினே எர்த்தோடு ஷார்ட் ஆகும். போர்டும் ஸ்கோப்பும் சேர்ந்து போகும். இதற்குப் பரிகாரமாக ஸ்கோப்பின் எர்த் பின்னை வெட்டச் சொல்பவர்கள் இருக்கிறார்கள். தயவுசெய்து செய்யாதீர்கள். அப்படிச் செய்தால் ஸ்கோப்பின் உலோக உடம்பு முழுவதும் 325 வோல்ட்டில் நிற்கும். போர்டை ஐசோலேஷன் டிரான்ஸ்ஃபார்மரில் போடுங்கள், அல்லது எர்த்தோடு இணையாமல் இரு புள்ளிகளுக்கிடையே அளக்கும் டிஃபரென்ஷியல் புரோப் பயன்படுத்துங்கள்.

புரோப்பை எப்போதும் 10 மடங்கு (10X) நிலையிலேயே வைத்திருங்கள். 1 மடங்கு நிலையில் பல புரோப்களின் அலைவரிசை 10 மெகாஹெர்ட்ஸைக்கூட எட்டாது. கிரிஸ்டலின் காலைத் தொட்டால் அதிர்வே நின்றுபோகலாம்.

படி 7: டிஜிட்டல் பக்கம்

டிஜிட்டல் லைன்களின் ஏற்ற இறக்கத்தைப் பதிவு செய்து காட்டும் லாஜிக் அனலைசரில் எட்டுச் சேனல், 24 மெகாஹெர்ட்ஸ் வகை மிக மலிவு. சிக்ராக் திட்டத்தின் பல்ஸ்வியூ மென்பொருள் இலவசம். போர்டின் சீரியல் போர்ட்டில் வரும் பூட் செய்திகளைப் படிக்க இது போதும். கம்ப்யூட்டரைத் தொடங்கிவைக்கும் நிரல் இருக்கும் பயாஸ் சிப்பைப் படித்து எழுத சி.எச். 341ஏ புரோகிராமர் வேண்டும். கறுப்பு நிறப் போர்டாக வரும் வகையில் டேட்டா லைன்கள் 5 வோல்ட்டில் வருகின்றன. சிப் கேட்பது 3.3 வோல்ட். மாற்றியமைத்த பதிப்பை வாங்குங்கள். 1.8 வோல்ட் சிப்புக்குத் தனி அடாப்டர் தேவை.

படி 8: கடையில்

சென்னை ரிச்சி தெரு, பெங்களூரு எஸ்.பி. ரோடு போன்ற இடங்களுக்கு நேரில் போக முடிந்தால் போய் வாங்குவதே நல்லது. கையில் எடுத்துச் சோதிக்கலாம். புதிய ஏ.ஏ. பேட்டரி ஒன்றையும், 0.1 சதவீத 1 கிலோஓம் ரெசிஸ்டர் ஒன்றையும் பையில் கொண்டுபோங்கள். மீட்டர் ரெசிஸ்டரை 995க்கும் 1005க்கும் இடையில் காட்ட வேண்டும். ஸ்கோப் என்றால் அதன் முகப்பிலேயே இருக்கும் 1 கிலோஹெர்ட்ஸ் சதுர அலை முனையில் ஒவ்வொரு சேனலையும், ஒவ்வொரு ரேஞ்சையும் திருப்பிப் பாருங்கள். பழைய சி.ஆர்.ஓ.வை ஆன் செய்து அரைமணி நேரம் ஓடவிட்டபின் கோடு மங்குகிறதா, நகர்கிறதா என்று பார்த்த பிறகே பணம் கொடுங்கள். ஃபியூஸ் மாற்று இரண்டை அன்றே வாங்கிவிடுங்கள். செராமிக் ஃபியூஸ் கிடைக்கவில்லை என்று கண்ணாடி ஃபியூஸைப் போடும் நிலை வரக் கூடாது.

வீட்டில் மீட்டரைச் சரிபார்க்க ஏ.டி. 584 சிப் வைத்த ரெஃபரன்ஸ் போர்டு ஒன்று உதவும், 2.5, 5, 7.5, 10 வோல்ட் நான்கையும் கொடுக்கும். ஒரு நாள் எல்லா லைனும் வழக்கத்தைவிடக் கூடுதலாகக் காட்டினால், போர்டைச் சந்தேகிப்பதற்கு முன் மீட்டரின் பேட்டரியை மாற்றுங்கள். பேட்டரி இறங்கினால் பல மீட்டர்கள் வோல்டேஜைக் கூட்டித்தான் காட்டும்.